புற்றுக்குள் இருந்தது

வார்டில் என் வேலை படுக்கை விரிப்பு மாற்றுவது.
மொழி மாற்றுவதற்குச் சம்பளம் இல்லை.
இருந்தாலும் ஒரு தமிழ்த் தாய் வந்துவிட்டால்
"அக்காவைக் கூப்பிடுங்கள்" என்பார்கள்.
வாளியை ஓரமாக வைத்துவிட்டுப் போவேன்.

அன்றைக்குப் புஷ்பகாந்தி.
பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்துக்கும் மேலே
ஒரு தோட்டம்.
இருட்டோடு கிளம்பி, ஹட்டனில் மாறி,
பேராதனை வந்து சேரப் பத்தரை.
இடுப்பில் ஒன்றரை வயதுக்காரி,
கையில் பத்து வயது கிஷோபன்,
எலும்பெண்ணலாம்.

எட்டு மாத வயிற்று வலி.
தோட்டத்து டிஸ்பென்சரியில் பூச்சி மாத்திரை,
பிறகு வெள்ளைத் தண்ணீர் மருந்து,
பிறகு தாயத்து.
ஒருநாள் வாந்தி சாயத் தண்ணி நிறத்தில் வந்தது.
மலையிலிருந்து ஓடி இறங்கியவளுக்கு
அன்றைக்கு அரைப் பேர்தான்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.
சிங்களத்தில் அது ஒரு நீளமான வாக்கியம்,
நடுவில் அந்தச் சொல்.
தமிழில் அதைச் சொன்னால்
பாம்பும் கூடவே வந்துவிடும்.
சொன்னேன்: புற்று. இரைப்பையில்.

தாய் அழவில்லை, விளங்காதவள்போல் நின்றாள்.
பையன்தான் கேட்டான்,
"அப்ப உள்ளுக்குப் பாம்பு இருக்கா?"

அதை டொக்டருக்கு மாற்றிச் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
துண்டின் பின்பக்கத்தில் பேனையால்
சுருண்ட ஒன்றை வரைந்தார், வாலோடு.
இருக்கு என்றார்.
புளிப்புக்குள்ளேயே குடியிருக்கும் கிருமி.
பல வருசமாய் அது அரித்த இடத்தில்
காவலுக்கு வந்த அணுக்களே
கலையாமல் நின்று புற்றாகிவிட்டன.
பிள்ளைகளுக்கு இது வருவது மிக அபூர்வம்;
அபூர்வமானதால் எங்களுக்கும் அதிகம் தெரியாது.
கிருமியைக் கொன்றால் புற்று தானாகவே கரையலாம்.
கரையாமலும் போகலாம்.
மூன்று மருந்து, பதினான்கு நாள்,
ஒரு வேளையும் தவறக் கூடாது.

"புத்துநோய்க்கு மாத்திரையா?"
அவள் என்னைத்தான் சந்தேகப்பட்டாள்,
மொழியைத் தவறவிட்டேனோ என்று.

பிறகு கேட்டாள், "எங்கேருந்து வந்திச்சு?"
டொக்டர் சொன்னார்:
வீட்டுக்குள்தான். பால்குடி வயதில்.
பெரும்பாலும் தாயிடமிருந்து.
நான் சொன்னேன்: தண்ணியிலிருந்தும் வருமாம்.
"பீலித் தண்ணிய கொதிக்க வச்சுத்தானே குடுக்கிறேன்"
என்றாள் அவள், என்னிடம், கெஞ்சுவதுபோல.
வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பன்னிரண்டரைக்கு நடையோரம் கூட்டும்போது பார்த்தேன்.
ரொட்டியைப் பிய்த்துத் தன் வாயில் போட்டு
மென்று, மெத்தென்றாக்கி,
விரல் நுனியில் எடுத்துச் சின்னவளுக்கு.
சின்னவள் குருவிபோல வாய் திறந்தாள்.

சொன்னேன்.
விட்ட வரியை, விளக்குமாற்றைப் பிடித்தபடியே.

அடுத்த வாய் ரொட்டி அவள் வாய்க்குள் இருந்தது.
விழுங்கவுமில்லை, எடுக்கவுமில்லை.
கன்னம் ஒரு பக்கம் புடைத்தபடி
வெகுநேரம் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நானும் ரெண்டையும் அப்படித்தான் வளர்த்தேன் என்றேன்.
அது உண்மை.
அவளுக்கு அது எதற்கு.

வீட்டில் எல்லாரும் சோதிக்க வேண்டும் என்பதையும் சொன்னேன்.
புருசன் கொழும்பில், கடையில்.
லீவு கேட்கணும் என்றாள்.

மூன்று மாதம் கழித்து வந்தார்கள்.
பையனின் கன்னத்தில் கொஞ்சம் சதை,
பையில் நாலு கோப்பை,
ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் வேறு வேறு நிற நூல்.
மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள்.
டொக்டர் சொன்னதை
இந்தமுறை ஒரு சொல் விடாமல் மாற்றினேன்:
கிருமி இல்லை.
புற்று சிறுத்திருக்கிறது. போகவில்லை.
பொறுத்துப் பார்ப்போம்.

"பாம்பு போயிருச்சு," என்றான் கிஷோபன்,
"வூடு மட்டும் இருக்கு."

அதைச் சிங்களத்தில் சொல்லத் தெரியவில்லை எனக்கு.
புஷ்பகாந்தி கோப்பைகளை எண்ணிப் பைக்குள் வைத்தாள்.
மூன்றரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.
பதினாலாம் கட்டிலிலிருந்து
யாரோ அக்காவைக் கூப்பிட்டார்கள்.